இலையின் மறுபக்கம்

எங்கள் காத்தான்குடியில் வளவுகள் சிறியவை. மதிலுக்கும் கிணற்றுக்கும் இடையில் கிடைக்கும் மணல் தரையில்தான் செவ்வரத்தையும் தேசியும் மருதோன்றியும் கறிவேப்பிலையும் நெருங்கி நிற்கின்றன. செடிக்குத் தெளிக்கும் நஞ்சு அந்த மணலினூடே இறங்கிக் கிணற்றையே சேரக்கூடும்.

சென்ற வருடம் எங்கள் செவ்வரத்தையின் குருத்துகள் சுருண்டன. தண்டெல்லாம் மா தூவியது போல வெள்ளை. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. வாப்பா மருந்து வாங்கப் புறப்பட்டார்.

"மருந்து கிடக்கட்டும் மகன். முதல்ல இலையத் திருப்பிப் பாருங்க" என்றார் மூத்தம்மா.

திருப்பினோம். நரம்போரமாக வெண்மூட்டுப்பூச்சிகள் பஞ்சு போர்த்தி அடையாக ஒட்டியிருந்தன. அவை சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடுகின்றன. அதை உண்ண வரும் எறும்புகள், பூச்சிகளின் எதிரிகளை விரட்டிக் காவல் காக்கின்றன. கழிவு படிந்த இலையில் கரும்பூஞ்சணம் படர்கிறது.

இதன் இனத்தைச் சேர்ந்த பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்டது. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட அது பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை எனப் பலவற்றையும் தாக்கியது. அதை அடக்க 2009இல் மிகச் சிறிய குளவியொன்று கொண்டுவரப்பட்டது. பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் குளவி அது. கண்டபடி நஞ்சடித்தால், மெழுகுப் போர்வைக்குள் பூச்சி தப்பிவிடும்; உதவிக்கு வந்த குளவி மாண்டுவிடும்.

நாங்கள் செய்தது எளிய வைத்தியம். மோசமான கிளைகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். மற்றவற்றில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சினோம். ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரக் கரைசலும் கலந்து, முதலில் இரண்டு இலைகளில் தெளித்துப் பார்த்தோம். இலை கருகவில்லை. பின்னர் வாரம் ஒருமுறை, அஸருக்குப் பின் வெயில் தணிந்ததும், இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தோம். செடியில் எறும்பு ஏறும் வழிகளையும் அடைத்தோம். ஐந்தாம் வாரம் புதுத்துளிர் சுருளாமல் விரிந்தது.

தேசியில் பறவை எச்சம் போல ஒட்டியிருந்த புழுக்களையும் நசுக்கப் போன தங்கையை மூத்தம்மா மறித்தார். அவை வளர்ந்து பச்சையாகி, பின் வண்ணத்துப்பூச்சியாகும். கன்று சிறியதென்பதால் இரண்டை மட்டும் விட்டுவைத்தோம்.

தோழிகளே, உங்கள் வளவிலும் ஒரு செடி வாடினால், கடைக்குப் போகுமுன் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். யார் பகை, யார் துணை என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.