ஆளுக்கொரு வசனம்

வீட்டுப் பிரதிஷ்டைக்குச் சேகர குருவானவர் வந்து ஜெபித்து, விருந்தும் முடிந்து, எல்லாரும் கலைந்துபோன மறுநாள் ராத்திரிதான் என் வேலை தொடங்கும். அந்த வீட்டில் குடும்ப ஜெபம் நிலைக்க வேண்டும். நாசரேத், சாயர்புரம் பக்கத்துக் கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்தவன் நான். வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு ஆசீர்வாதத்துக்குக் காத்திருக்கிற வீடுகள் நிறைய. ஆசீர்வாதம் கர்த்தர் தருவது. அதை வாங்கிக்கொள்ளத் தினமும் உட்கார வேண்டும். உட்காரப் பழக்குவதுதான் எங்கள் ஊழியம்.

எனக்குக் கற்றுத்தந்த பெரிய உபதேசியார் புதுக் குடும்பத்துக்கு ஆதியாகமத்தைக் கொடுக்கமாட்டார். ஆரோகண சங்கீதத்தில் தொடங்குவார். 120 முதல் 134 வரை 15 சங்கீதங்கள்; 132-ஐத் தவிர எதுவும் பத்து வசனத்தை எட்டாது. ராத்திரிக்கு ஒன்று வாசித்தால் எட்டாம் நாள் 127, ஒன்பதாம் நாள் 128. வீட்டைக் கர்த்தர் கட்ட வேண்டும் என்கிற சங்கீதம் முந்தி. மனைவியும் பிள்ளைகளும் பந்தியைச் சுற்றியிருக்கிற சங்கீதம் பிந்தி. 128-க்குள்ளும் கர்த்தருக்குப் பயப்படுவதுதான் முதலில் வருகிறது, கைப்பாட்டின் பலனைச் சாப்பிடுவது அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்ற அவர் விட்டதே இல்லை.

வாசிப்பு ஆளுக்கொரு வசனம். எங்கள் வீடுகளில் இருப்பது பவர் ஐயர் குழுவின் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமம். 121-இல் ‘தள்ளாடவொட்டார்’ என்ற இடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை திணறும். தகப்பன் உடனே திருத்துவார். மறுநாள் ஜெப நேரத்தில் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும். பெரியவர் வாயைத் திறக்கமாட்டார். காய்த்து வெடித்த ஆள்காட்டி விரலை முதல் எழுத்துக்கு அடியில் வைத்து மெல்ல நகர்த்துவார். பிள்ளை அந்த விரலுக்குப் பின்னாலேயே எழுத்துக்கூட்டி வசனத்தை முடித்துவிடும். அர்த்தம் கேட்டால், ஜெபம் முடிந்த பிறகுதான் சொல்லுவார்.

நேரத்தை வீட்டைப் பார்த்து வையுங்கள். பதநீர்க் காலத்தில் விடியுமுன்னும் சாயங்காலமும் பனையேறுகிறவரிடம் ஏழு மணி ஜெபம் என்று சட்டம் பேச முடியாது. ஒரு வீட்டில் கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பருகிலேயே ஜெபம் நடந்தது. அந்த அம்மா பதநீரைத் துழாவிக்கொண்டே தன் பங்கு வசனத்தை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். அதைக் குறைந்த ஜெபம் என்று எண்ண வேண்டாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் இந்த வார்த்தைகளைப் பேசத்தானே உபாகமம் 6 சொல்லுகிறது?

கடினமானது சண்டை நடந்த ராத்திரி. நாங்கள் போன ஒரு வீட்டில், கணவர் ஜெபத்துக்குள்ளேயே மனைவிமேல் குற்றம் அடுக்கத் தொடங்கினார். பெரியவர் இடைமறித்தார்: “தம்பி, உங்க வீட்டுச் சங்கதி ஆண்டவருக்குத் தெரியும். ஆமென் சொல்லுங்க.” பிறகு ஒருவருக்காக ஒருவர் பேர் சொல்லி ஒரே ஒரு வாக்கியம் ஜெபிக்கச் சொன்னார். கணவர் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு வார்த்தை வர வெகுநேரமாயிற்று. பெரியவர் அவசரப்படுத்தவுமில்லை, எடுத்துக்கொடுக்கவுமில்லை. கடைசியில் அவளாகவே சொன்னாள். நீங்களும் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்காமல் முடிக்கவும் கூடாது. எண்ணாகமம் 6-இல் ஆரோனுக்குக் கொடுக்கப்பட்ட ஆசீர்வாதம் மூன்றே வசனம். தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் மனப்பாடமாயிருக்கட்டும். பிள்ளையின் பேரைச் சொல்லித் தொடங்குங்கள். அடித்த நாளில் கண்டிப்பாக விடாதீர்கள். அன்றைக்குத்தான் பிள்ளைக்கு அந்தக் கை அதிகம் வேண்டியிருக்கிறது. தகப்பன் வெளியூரில் என்றால் தாய் வைக்கலாம், ஆச்சி வைக்கலாம்.

கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும் போதும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். அரைமணி நேரம் இழுத்த வீடுகளில் ஜெபம் நீடித்து நான் பார்த்ததில்லை. 134 முடிந்த மறுநாள் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். அதிகாரம் நீளமென்றால் இரண்டாகப் பிரித்து வாசியுங்கள்.