இரண்டு சிறுமிகளும் ஒரு ரயிலும்

ரயில் பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னால், நம்மில் பலர் தூங்காத இரவையும், ஆறிப்போன காப்பியையும், மேல் படுக்கைக்காக நடந்த வாதப் பிரதிவாதங்களையும்தான் எழுதுவோம். சென்னையிலிருந்து ஹௌரா வரை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் குலுங்கி வந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்!

ஆனால், சென்ற விடுமுறை முடிந்து திரும்புகையில் என் பையில் இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி'. 1929இல் நூலாக வந்தது. சத்யஜித் ராயின் 1955ஆம் ஆண்டுப் படத்தில், அக்காளும் தம்பியும் நாணற் பூக்களுக்கிடையே ரயிலைப் பார்க்க ஓடும் காட்சியை அறியாதவர் யார்? நாவலில் துர்காவுக்கு அந்த வாய்ப்பே இல்லை. தம்பியோடு தண்டவாளத்தைத் தேடி ஓடுகிறாள். வழி தெரியாமல் திரும்புகிறாள். நோயுற்றுக் கிடக்கும்போது, உடம்பு தேறியதும் ரயிலைக் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். உடம்பு தேறவில்லை. பின்னர் குடும்பம் காசிக்குப் புறப்படும்போது, அபு மட்டும் அந்த ரயிலில் ஏறுகிறான்.

மற்றொன்று தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. இதில் வரும் தமிழ்ச் சிறுமிக்கு ரயில் கிடைத்துவிட்டது, எதற்காக? கல்கத்தாவில் ஒரு வீட்டில் வேலை செய்வதற்காக! உடன் பயணம் செய்யும் சிறுவன், தான் தின்னாமல் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். கதை அவ்வளவுதான். ஆயினும் அதைப் படித்த பின் நெடுநேரம் என்னால் பேச முடியவில்லை.

ஒருத்திக்கு ரயில் கடைசிவரை கனவு. மற்றொருத்திக்கு அது வீட்டைவிட்டுப் பிரித்துக்கொண்டு போகும் வண்டி. தண்டவாளம் என்னவோ ஒன்றுதான்.

புவனேசுவரம் தாண்டியதும் எதிர் இருக்கை இளைஞன் தமிழில் பேச்சுக் கொடுத்தான். மேதினிபூர்ப் பக்கத்து வங்காளி. திருப்பூரில் பனியன் தைக்கிறவன். நான் துர்காவின் கதையைச் சொன்னதும், "பள்ளிக்கூடத்திலே படிச்சேண்ணா" என்று சிரித்தான். சற்றுப் பொறுத்து, "நான் மொதமொதல்லே ரயில் ஏறினதே திருப்பூருக்கு வேலைக்குப் போகத்தான். அப்போ பதினாறு வயசு" என்றான்.

நான் முதன்முதலில் இப்பக்கம் ரயிலேறியது படிப்பதற்காக. வீடே நடைமேடைக்கு வந்து கையசைத்து வழியனுப்பியது. அவனை வழியனுப்ப யார் வந்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா கட்டிக் கொடுத்திருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நடுவே வைத்தேன். கரக்பூர் வருமுன் அது தீர்ந்துவிட்டது.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, இவ்விரண்டு கதைகளையும் உடன் கொண்டுபோங்கள். படித்து முடித்ததும் எதிர் இருக்கைக்காரரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கதை அங்கே இருக்கக்கூடும்.