இருபத்தெட்டாம் நாளும் குமுதினிப் படகும்

நெடுந்தீவு,
பங்குனி

அன்பின் மச்சான்,

தீவுப்பக்கம் போகிறேன் என்று எழுதியதற்கு, குதிரைகளையும் கல்வேலிகளையும் பற்றிக் கேட்பாய் என்று இருந்தேன். நீ கேட்டதோ வேறு. "மலேரியாவே இல்லாத நாட்டில், மலேரியா மருந்து வேலை செய்யுதா எண்டு சோதிக்கிறாங்களாம். இதென்ன கூத்து?" குதிரைகள் நலம். கல்வேலிகள் நீ பார்த்த மாதிரியே நிற்கின்றன. பெருக்குமரத்தின் பொந்துக்குள் இன்றைக்கும் ஆட்கள் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று பஸ் குலுக்கிக் குலுக்கிக் குறிகட்டுவானில் இறக்கிவிட்டது. நயினாதீவுப் படகுக்குத்தான் கூட்டம். நெடுந்தீவுப் படகான குமுதினியில் சீமெந்துப் பைகள், காஸ் சிலிண்டர்கள், இரண்டு மோட்டார் சைக்கிள், கோழிக்கூடு ஒன்று. அவற்றுக்கிடையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மலேரியாப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா. கடல் ஏறியதும் பேச்சும் ஏறியது. உன் கேள்வியைச் சொன்னேன். சிரித்தார்.

"தம்பி, இரத்தம் எடுக்கிறது ஒரு வேலையே? விரல் நுனியில ஒரு குத்து. எடுத்த ஆளைத் திரும்பப் பிடிக்கிறதுதான் வேலை."

இந்த ஒரு வசனத்துக்குள் முழு விஷயமும் இருக்கிறது. விரித்துச் சொல்கிறேன்.

மலேரியா மருந்து கைவிடுகிறதா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை ஒன்று உண்டு. நோயாளிக்கு மருந்தைக் கண்முன்னே விழுங்கக் கொடுக்க வேண்டும். பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 14, 21, 28 என்று இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சு, அதற்கு ஜீம்சாச் சாயம், பிறகு நுணுக்குக்காட்டி. 200 வெண்குருதிக் கலங்களை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை கிருமி கண்ணில் படுகிறது என்று குறித்து, அதை 8,000-ஆல் பெருக்கி 200-ஆல் பிரித்தால் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் எத்தனை என்று வரும். மூன்றாம் நாளும் கிருமி நின்றால், இன்றைய கூட்டு மருந்தின் முக்கிய பாகமான ஆர்ட்டிமிசினின் மந்தமாக வேலை செய்கிறது என்று சந்தேகம். போன கிருமி 28 நாளுக்குள் திரும்பினால் சிகிச்சை தோற்றதோ என்று பார்க்க வேண்டும். இப்படி ஓர் இடத்தில் குறைந்தது 50 நோயாளிகளைப் பார்த்து, தோல்வி 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த நாடு மருந்தையே மாற்ற வேண்டும்.

ஐம்பது பேருக்கு இங்கே எங்கே போவது? இலங்கையின் கடைசி உள்நாட்டு மலேரியா நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5-ஆம் திகதி மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. 1934-35 கொள்ளைக் காய்ச்சலில் ஏறக்குறைய 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு இது. 1963-இல் வெறும் 17 நோயாளிகள் என்ற அளவுக்கு இறங்கி, இனி என்ன என்று கை தளர்ந்தபோது 1969-இல் 5 இலட்சத்துக்கு மேல் ஏறியதும் இதே நாட்டில்தான். அந்தப் பதினேழு என்ற எண்ணை ஐயா விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மலேரியாப் பகுதியில் வேலை செய்தவர்களுக்கு அது எச்சரிக்கைப் பலகை மாதிரி.

இப்போது வருகிற மலேரியா எல்லாம் வெளியிலிருந்து வருவது. ஆண்டுக்குச் சில பத்துப் பேர். பல்சிபாரம் என்ற கிருமி வகை அநேகமாக ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது; கப்பலில் வேலை செய்தவர்கள், மாணிக்கக்கல் வியாபாரத்துக்குப் போனவர்கள், ஐ.நா. அமைதிப்படையில் இருந்தவர்கள். வைவாக்ஸ் என்ற வகை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. ஐம்பது பேர் இல்லாததால் மலேரியாத் தடை இயக்கம் வேறு வழி எடுத்தது: வருகிற ஒவ்வொருவரும் பரிசோதனைக்கு உரியவர். பல்சிபாரம் என்றால் மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் வைத்து ஆர்ட்டிமெத்தர்-லூமெபாந்திரின், கூடவே ஒரு வேளை பிறிமாகுயின். வைவாக்ஸ் என்றால் குளோரோகுயினும், ஈரலுக்குள் உறங்கும் கிருமிக்கு 14 நாள் பிறிமாகுயினும். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் நாட்கணக்குப்படி தேடிப் போய் இரத்தம் எடுக்க வேண்டும். வைவாக்ஸ்காரரை ஒரு வருடம் வரை விடமாட்டார்கள்.

இனி நெடுந்தீவுக்கு வா. ஆப்பிரிக்கக் கரையில் கப்பலில் நின்றுவிட்டு வந்த ஒரு பெடியன் இங்கே காய்ச்சலோடு இறங்குகிறான் என்று வை. கடற்படைப் படகில் குறிகட்டுவானுக்கு, அங்கிருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்கு. மூன்று நாளில் எழும்பி உட்கார்ந்து சோறு கேட்பான். ஏழாம் நாள் பந்து விளையாடுவான். பதினாலாம் நாள் கச்சான் காற்று, கடல் கொந்தளிப்பு, படகு இல்லை. இருபத்தோராம் நாள் அவன் கொழும்புக்குக் கப்பல் கொம்பனிக்குப் போய்விட்டான். இருபத்தெட்டாம் நாள் அவனைத் தேடிப் பிடிக்கிற உத்தியோகத்தர் குமுதினியில் வந்து இறங்கி, தாயிடம் தொலைபேசி எண் வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகிற படகைப் பிடிக்க ஓட வேண்டும். கொழும்பில் எவ்வளவு பெரிய இயந்திரம் இருந்தாலும் என்ன, 14-ஆம் நாள் இரத்தம் இல்லையென்றால் அந்த நோயாளி பற்றிய விடையும் அரைகுறைதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. ஆப்பிரிக்காவில் இந்தச் சோதனை செய்கிறவர்களுக்கு ஒரு பெரிய தலையிடி: 20-ஆம் நாள் கிருமி தெரிந்தால் அது மருந்துக்குத் தப்பிய பழைய கிருமியா, இடையில் இன்னொரு நுளம்பு குத்திப் போட்ட புதுக் கிருமியா? முதல் நாள் இரத்தத்தையும் அன்றைய இரத்தத்தையும் வடிதாளில் உலர்த்தி, மரபணுவை ஒப்பிட்டுத்தான் பிரிப்பார்கள். இங்கே நோய் பரப்பும் நுளம்புக்கடி இல்லாதபடியால் புதுத் தொற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. பல்சிபாரம் திரும்பினால் அது தப்பியதுதான். வைவாக்ஸ் திரும்பினால் ஈரலில் உறங்கியதா, இரத்தத்தில் மருந்தைத் தாக்குப்பிடித்ததா என்ற ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சும்; அதற்கு அன்றைய இரத்தத்தில் குளோரோகுயின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கலாம். உலகத்தில் பெரிய பெரிய ஆய்வுகளுக்குக் கிடைக்காத சுத்தமான சோதனைக்களம் இந்தத் தீவுகள்! இதைச் சொன்னபோது ஐயா, "சுத்தம்தான், ஆனா படகு வேணுமே" என்றார்.

இரத்தமே போதுமா, கிருமியை நேரடியாகச் சோதிக்க முடியாதா என்று நீ கேட்பாய். முடியும். 1976-இல் நியூயோர்க்கில் ட்ரேகரும் ஜென்சனும் பல்சிபாரத்தை மனித உடலுக்கு வெளியே தொடர்ந்து வளர்த்துக் காட்டினார்கள். முறையைக் கேட்டால் நம்பமாட்டாய்: தட்டை ஒரு கண்ணாடிச் சாடிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, மூடியை மூடுவது. திரி அணையும்போது ஒட்சிசன் குறைந்து கரியமிலவாயு கூடியிருக்கும்; கிருமிக்கு அந்தக் காற்றுத்தான் பிடிக்கும். இப்போது ஆர்ட்டிமிசினினுக்குச் செய்கிற சோதனையில், பிறந்து மூன்று மணித்தியாலத்துக்குள் இருக்கிற வளையப் பருவக் கிருமிகளை ஆறு மணித்தியாலம் மருந்தில் வைத்துக் கழுவிவிட்டு, தொடக்கத்திலிருந்து 72-ஆம் மணித்தியாலத்தில் எண்ணுவார்கள். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் உயிரோடு இருந்தால் ஆபத்து. 2014-இல் கெல்ச்-13 என்ற மரபணுவின் மாற்றங்கள் இதற்கு அடையாளம் என்று தெரிந்த பிறகு, உலர்ந்த ஒரு சொட்டு இரத்தத்தில் பி.சி.ஆர் செய்தே ஓரளவு சொல்லிவிடலாம். ருவாண்டாவிலும் உகண்டாவிலும் அந்த மாற்றங்கள் 2020 முதல் உறுதியாகின. நம்மவர் போய்வருகிற கண்டம் அது. ஆனால் மரபணு சந்தேகத்தைத்தான் சொல்லும். மருந்து இந்த மனிதனைக் குணமாக்கியதா என்று சொல்வது இருபத்தெட்டாம் நாள் விரல்குத்துத்தான்.

மருந்தெதிர்ப்பு எப்படி வருகிறது? பிய்ந்த வலையை இழுத்தால் வலிய மீன் எல்லாம் தப்பி, அடுத்த பருவத்துக் கடலில் அவையே நிறைந்திருக்கும். அரை மருந்து அந்த வலை. ஐயா போர்க்காலத்தைச் சொன்னார்: மின்சாரம் இல்லை, நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தது, மருந்துக்குத் தட்டுப்பாடு, ஒருவருக்குக் கொடுத்த குளோரோகுயினை வீட்டில் மூன்று பேர் பங்கிட்டு விழுங்கியது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வன்னிக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியவர்களை நம் வீடுகளிலும் கண்டோமே. இலங்கையில் குளோரோகுயின் கைவிட்ட பல்சிபாரம் முதன்முதல் பதிவானது 1984-இல். அடுத்த கால் நூற்றாண்டுக்குள், 2008-இல், ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துக்கு மாறவேண்டி வந்தது. இதுவும் கைவிட்டால் அடுத்தது கையில் ஆயத்தமாக இல்லை.

இனி நுளம்பு. இங்கேதான் எனக்குச் சற்றுப் பயம். பழைய பரப்பி கியூலிசிபேசிஸ், ஆறு வற்றும்போது தங்கும் குட்டைகளில் பெருகுவது. ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்கும் தீவுகளுக்கும் அது ஒருவகைப் பாதுகாப்பு. வன்னியில் பட்டபாடு இங்கே படவில்லை. ஆனால் 2017-இல் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி இருப்பது அறிவிக்கப்பட்டது. சென்னையின் மொட்டைமாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் குடியிருந்து அந்த நகரத்துக்கு மலேரியா கொடுத்த அதே நுளம்பு. பிறகு யாழ்ப்பாணத்திலும் அதைக் கண்டதாக நம் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் எழுதினார்கள். கிணறும் தொட்டியும் இதற்கு வீடு. தீவு வாழ்க்கையே கிணறும் தொட்டியும்தானே! நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளில் நல்ல தண்ணீர் அள்ளி வந்து, ஒரு துளி சிந்தாமல் சேமித்து வைக்கிறார்கள். அந்தத் தொட்டியை மூடச் சொல்வதும் கிணற்றில் மீன் விடச் சொல்வதும் இனி மலேரியாக்காரரின் வேலையில் சேர்ந்துவிட்டது. ஜிபூட்டியில் 2012-இல் இந்த நுளம்பைக் கண்டபோது மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-இல் 73,000-க்கு மேல்.

மருந்தெதிர்ப்பையும் இந்த நுளம்பையும் சேர்த்துப் பார். கெல்ச்-13 மாறிய கிருமியோடு ஒருவர், மூடாத தொட்டி ஒன்று, கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. பலாலிக்குச் சென்னை விமானம் வருகிறது, காங்கேசன்துறைக்கு நாகபட்டினக் கப்பல் வருகிறது. கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு இரு கரையும் கூடுகிறது. நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஆனியில் ஆயிரக்கணக்கில் சனம். யாரையும் வராதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வருகிறவர்களிடம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க மட்டும் முடியும். எங்கள் இளம் டொக்டர்மார் மலேரியாவைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள். காய்ச்சல் என்றால் டெங்கு என்றே கை போகிறது; குறை சொல்லவில்லை, டெங்குதான் நிரம்பி வழிகிறது. ஆனாலும் அந்த ஒரு கேள்வி தாமதமானால் பல்சிபாரம் ஆளையே கொண்டுபோய்விடும்.

ஆகவே உன் மருமகனுக்கு இதைச் சொல். கென்யாவில் வேலை முடித்து ஆடியில் ஊருக்கு வருகிறான் என்றாயே, போவதற்கு முன் தடுப்பு மாத்திரை எடுத்தானா என்று கேள். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு மலேரியாத் தடை இயக்கம் அதை இலவசமாகவே கொடுக்கிறது. இங்கே வந்து காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வசனமாக "நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கோ" என்று சொல்லட்டும். மாத்திரை தந்தால் ஆறு வேளையும் விழுங்கட்டும், சாப்பாட்டோடு. கொழுப்பில்லாத வெறும் வயிற்றில் லூமெபாந்திரின் சரியாக ஏறாது. அம்மாவின் புழுக்கொடியலை நம்பி இருக்கவேண்டாம், பாலோ முட்டையோ சேரட்டும். பிறகு யாராவது கதவைத் தட்டி ஏழாம் நாள் என்று சொன்னால் விரலை நீட்டட்டும்.

நாளைக் காலை முதல் படகில் திரும்புகிறேன். ஊர்காவற்றுறையில் இறங்கி ஹம்மன்ஹீல் கோட்டையைக் கரையிலிருந்தாவது பார்க்க எண்ணம். நீ கேட்ட ஒடியல் மாவும் கருவாடும் வாங்கியாகிவிட்டது. கொண்டுவர ஆள்தான் வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்