மறைந்திருந்த அறை

வீடு மாறுவோர் கட்டிலையும் பெட்டியையும் மறவார். சுவரின் ஆணியில் தொங்கும் சிறு பையையே மறப்பர். கணினியின் இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவுவார்க்கும் இஃதே நேர்கின்றது. இதனை யான் நூலிற் கற்றிலேன், பட்டறிந்தேன்.

விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. ஆகவே, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் மடிக்கணினியைத் துடைத்து, விண்டோஸ் 11ஐ நிறுவத் துணிந்தேன். ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகளை வேறொரு வட்டிற் படியெடுத்தேன். "எல்லாவற்றையும் எடுத்துவிட்டாயா?" என்று அண்ணன் வினவினார். "எல்லாம் எடுத்தாயிற்று, அண்ணா" என்றேன். 'எல்லாம்' என்னும் சொல்லின் பொருளை அன்று யான் அறிந்திலேன்.

பணி முடிந்தது. கட்டுரைகள் இருந்தன, படங்கள் இருந்தன. திரையில் யான் ஒட்டி வைத்திருந்த மஞ்சட் குறிப்புத் தாள்கள் மட்டும் இல்லை. என் ஆச்சி இளமையிற் கருப்பட்டி காய்ச்சியவர். அவர் வாய்மொழியாகக் கூறிய பனைத்தொழிற் சொற்களை ஈராண்டுகளாக அத்தாள்களிலேயே குறித்து வந்தேன். கருப்பட்டி காய்ச்சும் குடிசையாகிய விடிலி, ஏறுவோர் காலிற் பூட்டும் தளைநார், பாளையை நெருக்கும் கடிப்பு என அவை பலவாம். ஆச்சியோ அவ்வாண்டு ஆனியிலேயே மறைந்துவிட்டார்.

அக்குறிப்புகள் ஆவணக் கோப்புறையில் உறைவன அல்ல என்பதைப் பின்னரே உணர்ந்தேன். பயனர் கோப்புறையினுள், கண்ணுக்குப் புலனாகாதவாறு மறைக்கப்பட்ட ஆப்டேட்டா என்னும் அறையிலே, பிளம்.எஸ்கியூலைட் என்னும் கோப்பில் அவை இருப்பன. இணையக் கணக்கின் வழியே நுழைந்திருப்பின் வேறிடத்தும் படிந்திருக்கும்; யான் நுழைந்திலேன். பயர்பாக்ஸ் உலாவியில் நாம் இட்ட பக்கக் குறிகளும், லிப்ரே ஆபீஸில் நாம் சேர்த்த சொற்பட்டியலும் அவ்வறையிலேயே உள்ளன. அவ்வுலாவி காக்கும் கடவுச்சொற்களோ இரு கோப்புகளைச் சார்ந்தன. ஒன்று பூட்டிய பெட்டி. மற்றொன்று அதன் திறவுகோல். ஒன்றை மட்டும் கொணர்வதாற் பயனில்லை.

சென்ற மாதம் அண்ணனின் கணினியையும் புதுக்க வேண்டியதாயிற்று. இம்முறை விரைந்திலேம். முதற்கண், அதிலுள்ள செயலிகள் அனைத்தின் பெயரையும் தாளில் எழுதினோம். ஒவ்வொன்றும் தன் தரவையும் அமைப்புகளையும் எங்கே வைத்துளது என ஆராய்ந்து, செயலியை மூடிய பின்னரே படியெடுத்தோம். அப்படிகளை மற்றொரு கணினியில் திறந்து பார்த்தோம். திறந்து பாராத படி, படியாகாது. அதன் பின்னரே பழையதை அழித்தோம்.

என் அத்தையோடு பல மாலைகள் அமர்ந்து, இழந்த சொற்களுட் பலவற்றை மீட்டேன். ஒன்று மட்டும் மீண்டிலது. கொதிக்கும் பதநீர் இறுகிப் பாகாகுந் தறுவாயில் எழும் குமிழொலிக்கு ஆச்சி ஒரு சொல் வழங்கினார். அத்தைக்கும் அது நினைவில்லை. ஒலி என் செவியில் உளது, பொருள் நெஞ்சில் உளது, சொல் இல்லை. புதிய ஏட்டில் அதற்கென ஒரு வரியை வெறிதே விட்டிருக்கின்றேன்.