கெல்லி பார்ன்ஸ் கரை: சில குறிப்புகள்

டொக்கோவா. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் வடகிழக்கு மூலை.

ஊருக்கு வெளியே ஓர் அருவி, 186 அடி. அருவிக்குக் கீழே பள்ளத்தாக்கில் ஒரு பைபிள் கல்லூரி. அருவிக்கு மேலே, கீழிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஓர் ஏரி இருந்தது.

பெயர் கெல்லி பார்ன்ஸ். கல்லூரிக்குச் சொந்தமாக இருந்தது. 40 ஏக்கர். பொழுதுபோக்குக்கு.

கரை மண்கரை. உயரம் 38 அடி, நீளம் 400 அடி. நம்மூர் ஏரிக்கரைகள் பல இதைவிட எவ்வளவோ நீளம். உயரம்தான் இவ்வளவு இராது.

1899-ல் மரச்சட்டத்துக்குள் கல்லடுக்கி ஒரு தடுப்பு கட்டினார்கள். மின்சாரம் எடுக்க. பின்னால் கல்லூரி அதை வாங்கி, அதன்மேலேயே மண்ணைக் கொட்டிக் கரையாக்கியது. பிறகு இன்னும் உயர்த்தியது.

பழையதைப் பிரிக்கவில்லை. 1899-ஆம் ஆண்டு உள்ளேயே கிடந்தது.

1957-ல் மின்சாரம் எடுப்பது நின்றது. தண்ணீர் நின்றபடி நின்றது.

இந்த ஆண்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மின்சாரம் எடுத்தவரை யாராவது மேலே ஏறிப்போய் மதகைப் பார்த்தாக வேண்டும். விளக்கு அணைந்தால் ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு? ஏரி அழகாக இருந்தது. அழகாக இருப்பதைப் பழுது பார்க்க யாருக்குத் தோன்றும்?

வரைபடம் கிடையாது. 1977-ல் கரை உடைந்த பிறகு வந்த விசாரணைக் குழு தேடியும் வடிவமைப்புக் காகிதம் எதுவும் கிடைக்கவில்லை.

வெளிச்சரிவு ஏறக்குறைய அடிக்கு அடி. ஓரடி உயரத்துக்கு ஓரடி தள்ளல். மண்கரைக்கு இரண்டு, இரண்டரை அடியாவது வேண்டும்.

அந்தச் சரிவில் மரங்கள்.

1973-ல் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. வெளிச்சரிவில் மண் பெயர்ந்து சரிந்திருக்கிறது. 12 அடி உயரம், 30 அடி அகலம். யாரோ கேமராவைத் தூக்கிப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு கிட்டத்தில் நின்றிருக்கிறார்கள்.

நான்கு வருடம்.

மரம் பற்றி. உயிரோடு இருக்கும் மரத்தைவிடப் பட்டுப்போன மரம் கரைக்கு மோசம். வேர் மட்கி, அது இருந்த இடம் வெற்றுக் குழாயாகிவிடும். தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடிக்கும். புயலில் மரம் சாய்ந்தால் இன்னொரு கேடு: வேர்ப்பிடி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஆகவே அணைப் பொறியாளர்கள் கரையில் புல்லைத் தவிர எதையும் விடாதே என்கிறார்கள். நம்மூர்க் கரைகளில் பனை வைத்தார்கள். அதற்குச் சல்லிவேர்.

கரையில் பெரிய மரத்தைக் கண்டதும் வெட்டுவதும் ஆபத்து. வேர் உள்ளேயே மட்கும். கைத்தடிப் பருமனில் இருக்கும்போதே வெட்டியிருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

மஸ்க்ராட் என்றோர் எலி. நீர்மட்டத்துக்குக் கீழே வாசல் வைத்துக் கரைக்குள் வளை தோண்டும். வாசல் வெளியே தெரியாது.

கசிவு. இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

எல்லா மண்கரையும் கசியும். கசிவதே தப்பில்லை. கோடையில் சுற்றிலும் புல் காய்ந்திருக்கும்போது கரையின் அடியில் ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருக்கும். சம்பங்கோரை முளைத்திருக்கும். மிதித்தால் செருப்பு புதையும். பார்க்கத் தெரிந்தவர் அங்கே குனிந்து, கசிகிற தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கியிருந்தால் கரையின் உள்மண் வெளியே வந்துகொண்டிருக்கிறது. நேற்றைவிட இன்று கலங்கல் கூடியிருந்தால் அன்றைக்கே ஆள் வரவழைக்க வேண்டும்.

இதற்கு ஒரு புட்டி போதும். பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

சிறு அணைகளில் நெளிதகரக் குழாய் ஒன்று கரைக்கு ஊடே போகும். ஏரி நிரம்பினால் அதன் வழியே வடியும். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கரை மண் குழாய்க்குள்ளே இறங்கும். மேலே நடக்கிறவருக்கு ஒரு சின்னப் பள்ளம் தெரியும். மண்ணைப் போட்டு மூடிவிடுவார்.

கெல்லி பார்ன்ஸில் எது முதலில் போனது? விசாரணைக் குழு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டவில்லை. சரிவு, ஊறிப்போன மண், கசிவு, கரைக்கு அடியில் போன குழாய். எல்லாமே பட்டியலில் இருக்கின்றன.

1977, நவம்பர் 2 முதல் மழை. மொத்தம் 7 அங்குலம். அதில் பாதி, மூன்றரை அங்குலம், 5-ஆம் தேதி மாலை ஆறுக்கும் நள்ளிரவுக்கும் இடையே.

சனிக்கிழமை இரவு.

ஒன்றரை மணிக்கு உடைந்தது. நொடிக்குச் சுமார் 24,000 கன அடி. அருவியின் மேலிருந்து வந்தது. கல்லூரி விடுதியின் கீழ்த்தளம். குடும்பத்தோடு இருந்தவர்களின் டிரெய்லர் வீடுகள். அவற்றுக்கு அஸ்திவாரம் இல்லை.

39 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள்.

தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மேலே ஓர் ஏரி இருந்தது என்பது வெறும் செய்தி. பகலில் அங்கே போய்த் தண்ணீரைப் பார்த்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். என்னால் இதைக் கடந்து போக முடியவில்லை.

அப்போதைய அதிபர் கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். மனைவி ரோஸலின் நேரில் வந்தார்.

அணைகளைச் சோதிக்கச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1972-ல் வந்தது. அணைகளைக் கணக்கெடுத்தார்கள். சோதனைக்குப் பணம் ஒதுக்கவில்லை. டொக்கோவாவுக்குப் பிறகு கார்ட்டர் உத்தரவிட்டார். ராணுவப் பொறியாளர் படை நான்கு ஆண்டுகளில் சுமார் 8,800 அணைகளைப் பார்த்தது. ஏறத்தாழ மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது. பெரும்பாலானவற்றில் ஒரே குறை: கலிங்கு, அதாவது மிகுநீர் வழிந்துபோகும் வழி, போதாது.

ஜார்ஜியா தன் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை 1978-ல் இயற்றியது.

அமெரிக்க அணைப் பட்டியலில் 90,000-க்கும் மேல். பெரும்பாலும் மண். பெரும்பாலும் தனியார். அதிகமாகக் குறிக்கப்பட்ட பயன், பொழுதுபோக்கு.

அந்தப் பட்டியலில் ஓர் அணைக்கு 'அதிக அபாயம்' என்று போட்டிருந்தால் கரை பழுது என்று பொருளில்லை. உடைந்தால் கீழே ஆள் சாவார்கள் என்று பொருள். கரை அப்படியே இருக்கும். கீழே யாரோ ஒருவர் வீடு கட்டுவார். அணையின் வகை மாறும். உடைமையாளருக்குக் கடிதம் வரும்.

கலிங்கு பற்றி இரண்டு.

ஒன்று, சவுத் ஃபோர்க், பென்சில்வேனியா. மண் அணை. பிட்ஸ்பர்க் செல்வந்தர்களின் மீன்பிடி மன்றத்துக்குச் சொந்தம். கார்னகி உறுப்பினர். ஃப்ரிக் உறுப்பினர். கரைக்கு அடியில் போன வடிகுழாய்களை முந்தைய உடைமையாளர் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார். திரும்ப வைக்கவில்லை. வண்டி போகக் கரைமேட்டைத் தாழ்த்தினார்கள். காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் தப்பிப் போகாமல் கலிங்கில் கம்பிவலை வைத்தார்கள். 1889 மே 31, மழையில் சருகும் கிளையும் அந்த வலையில் அடைத்துக்கொண்டது. கீழே ஜான்ஸ்டவுன். 2,209 பேர்.

மீனுக்காக வைத்த வலை.

இரண்டு, ஹவாயில் காவாய் தீவு, கா லோகோ அணை, மார்ச் 2006. தனியார் நிலம். அங்கே கலிங்கு இருந்த இடத்தில் மண் நிரவப்பட்டிருந்தது. 7 பேர்.

கலிங்கு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா கிடக்கிற இடம். நிலம் வீணாகிறது என்று தோன்றும்.

உடைந்தால் யார் பொறுப்பு? சட்டப் புத்தகத்திலிருந்து. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலைக்காரர் ஒருவர் தன் நிலத்தில் ஏரி வெட்டினார். 1860-ல் தண்ணீர் பழைய சுரங்கக் குழிகள் வழியே இறங்கிப் பக்கத்துக்காரரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆள் சேதமில்லை. 1868-ல் தீர்ப்பு: தண்ணீரைத் தேக்கியவர் பொறுப்பு.

கார்வேட்டிநகரம் ஜமீன், சென்னை மாகாணம். ஏரிகள் உடைந்து ரயில் பாதை அடித்துப்போனது. சென்னை ரயில்வே கம்பெனி வழக்கு போட்டது. லங்காஷயர் தீர்ப்பைக் காட்டியது. 1874-ல் மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சில் மறுத்தது: இவை பழங்காலத்து ஏரிகள், ஊர் பிழைக்க இருப்பவை, ஜமீன்தார் நினைத்தாலும் அழிக்க முடியாதவை, அவற்றைக் காப்பது அவர் கடமை.

ஊருக்காகத் தேக்கிய தண்ணீர், தனக்காகத் தேக்கிய தண்ணீர். அந்தத் தீர்ப்பு பிரித்த இடம் சரி என்றே படுகிறது.

ஜான்ஸ்டவுனில் மீன்பிடி மன்றத்தின்மேல் போட்ட வழக்குகள் ஜெயிக்கவில்லை. அங்கே தேக்கியது மீன் பிடிக்க.

டொக்கோவா அருவியை இன்றும் பார்க்கலாம். கல்லூரி வளாகம் வழியே போக வேண்டும்.

அணையைத் திரும்பக் கட்டவில்லை.

ஏரிக்குக் கீழே வீடு பார்க்கிறவர்கள் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். கரையின் வெளிப்பக்கம் இறங்கி அடியில் நடந்து பாருங்கள். கரை யாருடையது என்று கேட்டு, பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.