ஆயிரத்து இருநூறு

ஆயாவின் கட்டைவிரலில் ரேகை இல்லை. நாப்பது அம்பது வருஷம் பட்டுநூலைத் தார் சுற்றித் தேய்ந்துபோனது என்பாள். மாதம் ஒருமுறை வங்கி முகவர் பெண் முசரவாக்கத்துக்கு வந்து கைரேகை மெஷினை நீட்டும்போது, ஆயா விரலை முதலில் முந்தானையில் துடைப்பாள், அப்புறம் நெற்றியில் தேய்ப்பாள். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ மெஷின் ஒத்துக்கொள்ளும். 1,200 ரூபாய்.

என் சொந்த ஆயா இல்லை. பிள்ளை குட்டி கிடையாது, இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். எங்கள் தாத்தாவின் தறிக்குத் தார் சுற்றியவள். தாத்தா ஒரு முதலாளியிடம் கூலிக்கு நெய்தவர். புடவை முடிந்தால் அவருக்குக் கூலி, அதிலிருந்து இவளுக்குக் கொஞ்சம். நெய்தவரின் பெயராவது முதலாளியின் நோட்டில் இருந்தது. சுற்றியவளின் பெயர் எதிலும் இல்லை. பி.எஃப். இல்லை, சங்க உறுப்பினர் அட்டை இல்லை. என் இன்ஜினியரிங் ஃபீஸில் ஒரு பங்கு அந்தத் தறியிலிருந்து வந்தது என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் யோசித்தேன்.

இந்த 1,200 எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன். கோட் எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய் தருகிறார்கள். அந்த 200 என்ற எண் 2007லிருந்து மாறவில்லை. ரூரல் டெவலப்மென்டுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு உயர்த்தச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதியும் மாறவில்லை. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. 2011ல் மொத்தம் 500லிருந்து 1,000 ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200. பன்னிரண்டு வருஷத்துக்கு இருநூறு ரூபாய். இதே காலத்தில் அரசு ஊழியரின் அகவிலைப்படி விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து வருஷத்துக்கு இரண்டு முறை கணக்காகிறது. அங்கே ஒரு ஃபார்முலா இருக்கிறது. ஆயாவுக்கு ஹார்டுகோட் பண்ணின ஒரு எண்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 80 வயது ஆனால் மத்தியப் பங்கு 500 ஆகும். நல்லது என்று நினைத்தேன். ஆனால் மாநிலம் தன் பங்கை 300 குறைத்துக்கொள்ளும். கைக்கு வருவது அதே 1,200. ஆயாவுக்கு இப்போது 78. பிறந்தநாள் பரிசு மாநிலக் கஜானாவுக்குப் போகும்.

இதை ஆயாவிடம் சொன்னேன். "எண்பது வரிக்கும் இருந்தா பார்த்துக்கலாம் கண்ணு, பாலுக்கே பத்தல" என்றாள். ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். அரை லிட்டர் பாலும் ஒரு டீயும் போக மாத்திரைக்கு என்ன மிஞ்சும்?

2025 மார்ச் 14 அன்று பட்ஜெட் உரையை ஆபீஸ் மீட்டிங்கில் இருந்துகொண்டே இன்னொரு டேபில் கேட்டேன். (மேனேஜர் இதைப் படிக்கமாட்டார்.) மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. இந்தத் திட்டம் 2023 செப்டம்பர் 15ல், அண்ணா பிறந்தநாளில், எங்கள் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. அம்மா வாங்குகிறார், அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2021 தேர்தலில் வாக்குறுதியாக இருந்தது இரண்டே வருஷத்தில் பட்ஜெட்டில் தலைப்பானது. அதாவது கேட்டால் நடக்கிறது. ஆயாவின் எண்ணை மட்டும் அந்த உரையில் கடைசிவரை யாரும் ஏற்றவில்லை.

அந்த வாரமே எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் எழுதி நேரில் எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த உதவியாளர் மரியாதையாகத்தான் பேசினார். "பட்ஜெட் படிச்சிட்டாங்களே தம்பி. இப்ப ஒண்ணும் கூட்ட முடியாது."

சாக்குச் சொல்கிறார் என்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து அரசியலமைப்பின் 203ஆம் பிரிவைப் படித்தேன். அவர் சொன்னது சரி. மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது உறுப்பினர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. ஒரு குறையைப் பேச வேண்டுமென்றால் அந்தத் துறையின் மானியத்தில் நூறு ரூபாயை வெட்டச் சொல்லித் தீர்மானம் கொடுப்பது மரபு. கிழவிக்குப் பணம் கூட்டிக் கேட்க, முதலில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்ல வேண்டும்! பட்ஜெட் எண்கள் துறைகளில் தயாராவது பல மாதம் முன்பே. நாம் எல்லாரும் டிவியில் உரையைப் பார்த்துவிட்டுத் திட்டுகிறோம். ரிலீஸ் ஆன பிறகு ரெக்வயர்மென்ட் கொடுக்கிற கிளையன்ட் மாதிரி.

கடிதத்தைத் திரும்ப எழுதினேன். இரக்கம், கருணை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கணக்கு மட்டும் வைத்தேன். தமிழ்நாட்டில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த மாதிரி மாதாந்திர ஓய்வூதியம் வாங்குகிறார்கள். முப்பது லட்சம் என்றே வைத்தாலும், தலைக்கு மாதம் நூறு ரூபாய் கூட்ட வருஷத்துக்கு 360 கோடி. சின்னத் தொகை இல்லை. வருவாய்ப் பற்றாக்குறை 41,600 கோடியைத் தாண்டி நிற்கிறது என்பதும் தெரியும். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து 4,000 தருகிறார்கள். அவர்கள் கஜானாவும் நிரம்பி வழியவில்லை. அந்த அளவுக்குக்கூட நான் கேட்கவில்லை. அகவிலைப்படி ஏறும்போது இதுவும் அதே விகிதத்தில் ஏறட்டும், எண்பது வயதில் அந்த 300ஐப் பிடிக்க வேண்டாம். அடுத்த பட்ஜெட் தயாராகும் முன்பே இதை நிதித்துறைக்கு எழுதுங்கள், மானியக் கோரிக்கை விவாதத்தில் அவைக்குறிப்பில் ஏறும்படி ஒருமுறை பேசுங்கள்.

"இன்னாடா எழுதினே இருக்க?" என்று ஆயா வந்து உட்கார்ந்தாள். படித்துக் காட்டினேன். கணக்கு வரும் இடத்தில் கொட்டாவி விட்டாள். எண்பது வயசு விஷயத்தில் மட்டும் "அத்த நல்லா அழுத்தி எழுது" என்றாள்.

"உன் பேரப் போடட்டுமா ஆயா?"

"போடு. என் பேர எவன் எழுதியிருக்கான் இதுவரிக்கும்."

ஸ்டாம்ப் பேடில் விரலை அழுத்திக் கடிதத்தின் அடியில் வைத்தாள். கோடு எதுவும் விழவில்லை, நீலமாக ஒரு திட்டு மட்டும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு மெஷினு கிடையாதில்ல?" என்று கேட்டாள்.