கரைப்பானின் நேரம்

அண்மையில் ஓர் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. வந்திருந்த இளம் தேர்வாளர் பாகுநிலை அளவீடுகள் இருந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு, "டி.எஸ்.சி. இருக்கும்போது இதை எதற்கம்மா செய்தீர்கள்?" என்று கேட்டார். அந்த மாணவிக்குப் பாகுநிலை அளக்கும் உபெலோடே (Ubbelohde) குழாயைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றவன், பின்வரிசையில் இருந்தேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பாலிஸ்டைரீனின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். பி.எம்.எம்.ஏ. எனும் பாலிமெத்தில் மெத்தாகிரிலேட்டுக்கு 105. இவை இரண்டும் கலக்காத இணை என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சூடேற்றிக்கொண்டே வெப்ப ஓட்டத்தை அளக்கும் டி.எஸ்.சி. இயந்திரத்தின் வழக்கமான வரைகோட்டில் இரண்டின் படிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். கலந்ததா, பிரிந்ததா என்று அந்த இயந்திரத்தால் சொல்ல முடியாது. ஒரு கண்ணாடிக் குழாயும் ஸ்டாப்வாட்சும் சொல்லும்.

கிரிக்பாம், வால் என்ற இரு வேதியியலாளர்கள் 1950-இல் காட்டிய வழி இது. இரு பாலிமர்களுக்கும் தனித்தனியே, பாகுநிலைக் கூடுதலைச் செறிவால் வகுத்துச் செறிவுக்கு எதிரே வரையும் ஹக்கின்ஸ் கோட்டைப் போடுகிறோம். பிறகு கலவைக்கும் போடுகிறோம். கலவையின் சாய்விலிருந்து குறுக்குச் சாய்வைப் பிரித்தெடுத்து, தனிச் சாய்வுகளின் பெருக்குச் சராசரியை அதிலிருந்து கழித்தால் கிடைப்பது டெல்டா-பி. நேர்க்குறி வந்தால் சங்கிலிகள் ஒன்றையொன்று நாடுகின்றன. எதிர்க்குறி வந்தால் விலக்குகின்றன. சரிபாதிக் கலவையில் சாய்வில் நேரும் பிழை, குறுக்குச் சாய்வில் இரண்டு மடங்காகும். இந்த ஒரு வரியை உணர்ந்தவர்களுக்குத்தான் இந்தத் தொழில் வரும்.

பிழை பெரும்பாலும் குழாய்ச் சுவரிலிருந்துதான் வருகிறது. கரைசலில் உள்ள பாலிமர் கண்ணாடியில் படிகிறது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்குழாயில் 0.1 மைக்ரான் படலம் என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, நேரம் 0.16 விழுக்காடு கூடும். கரைப்பான் 200 நொடியிலும் நீர்த்த கரைசல் 220 நொடியிலும் வடிகின்றன என்றால், நமக்கு வேண்டிய தகவல் முழுவதும் அந்த 20 நொடி வித்தியாசத்தில் இருக்கிறது. படலம் அதில் 0.35 நொடியைக் கூட்டுகிறது. கிட்டத்தட்ட 2 விழுக்காடு. செறிந்த கரைசலில் இதே படலத்தின் பாதிப்பு மிகக் குறைவு. ஆக, கோட்டின் நீர்த்த முனை மட்டும் தூக்கிக்கொள்கிறது, சாய்வு படுத்துவிடுகிறது. கலவையைக் கடைசியில் ஓட்டுவதுதான் வழக்கம் என்பதால், இந்தத் தண்டனை கலவைக்கே போய்ச் சேர்கிறது. நன்றாகக் கலக்கும் இணைகூடக் கலக்காதது என்று அச்சேறிவிடும்.

என் ஆசிரியர் இதற்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தார். காலையில் முதல் வேலையாகக் கரைப்பானை ஓட்ட வேண்டும். கரைசல்கள் முடிந்து குழாயைக் கழுவியபின் மறுபடி கரைப்பானை ஓட்ட வேண்டும். இரண்டு நேரமும் 0.1 நொடிக்குள் ஒத்துவராவிட்டால் அன்றைய பக்கத்தின் குறுக்கே கோடு போட்டுவிடுவார். விவாதம் கிடையாது. குரோமிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறல், காய்ச்சி வடித்த நீர், பிறகு வடிகட்டிய அசிட்டோன். கம்ப்ரசர் காற்றால் குழாயை உலர்த்த விடமாட்டார். அதில் எண்ணெய்த் துளி வரும் என்பார். சென்னை மே மாதத்தில் ஆய்வகமே 30 டிகிரியைத் தாண்டி நிற்கும். வாட்டர் பாத்தில் சூடேற்றி மட்டும் இருந்து என்ன பயன்? ஐஸ் தண்ணீர் ஓடும் செம்புச் சுருளை உள்ளே இறக்கி, 30 டிகிரியை நூறில் இரு பங்கு டிகிரிக்குள் நிறுத்திய பிறகுதான் ஸ்டாப்வாட்சைத் தொட விடுவார். டொலுயீனின் பாகுநிலை ஒரு டிகிரிக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் மாறும் என்பதை நாங்கள் படித்தறியவில்லை. அவரிடம் திட்டு வாங்கி அறிந்தோம்.

இன்று என்ன நடக்கிறது? மூன்று செறிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நேரம், எக்செல் போட்டுத் தரும் கோடு. அந்தக் கோட்டிலிருந்து கிரிக்பாம்–வால் எண், 1990-இல் சீ (Chee) என்பவர் தந்த எண், 1992-இல் சன் குழுவினர் தந்த எண் என்று மூன்றையும் கணக்கிட்டு, மூன்றும் ஒத்துவருகின்றன என்று எழுதுகிறார்கள். மூன்றும் ஒரே நேரங்களிலிருந்து பிறந்தவை. ஒத்துவராமல் என்ன செய்யும்? கரைப்பானை மாற்றிப் பார்ப்பவரும் அரிது. பாலிஸ்டைரீனும் பாலிவினைல் மெத்தில் ஈதரும் டொலுயீனிலிருந்து தெளிந்த படலமாக வரும், குளோரோஃபார்மிலிருந்து மங்கிப் பிரிந்து வரும் என்பது பழைய செய்தி. கரைப்பானின் கை இல்லாமல் கரைசல் பேசாது. இதையெல்லாம் விட்டுவிட்டு, முடிவு தவறும்போது மட்டும் முறையைக் குறை சொல்கிறார்கள். முறைக்குக் குறையில்லை. அதற்கு வேண்டிய பொறுமைதான் ஆய்வகங்களை விட்டுப் போய்விட்டது.

ஆய்வேடு திருத்துபவர்களுக்கும் ஆய்விதழ் நடுவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: டெல்டா-பியின் குறியைப் பார்க்கும்முன், கரைப்பானின் நேரம் அளவீட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்களும் இல்லாத அட்டவணையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.